சொல்லாமல் எடுத்த படமும் பழகி எடுத்த படமும்

போஸ் கொடுக்காத மனிதரை இருந்தபடியே படம் பிடிக்க முதலில் தடையாக நின்றது கருவிதான். 1858-இல் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக மதுரைக்கு வந்தவர் ராணுவ கேப்டன் லினேயஸ் டிரைப். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் அவர் பெரிய காகித நெகட்டிவ்களில் எடுத்தார். அந்தக் காகிதத்தில் ஒளி பதிய நெடுநேரம் ஆகும். நடமாடுகிறவர் பதியவே மாட்டார். கல்லும் தூணும் அபாரமாகக் கிடைத்தன, ஊர்ச் சனம் கிடைக்கவில்லை.

1925-இல் விற்பனைக்கு வந்த லைக்கா என்ற கையடக்கக் கேமரா இந்த நிலையை மாற்றியது. அதை வைத்தே பெயர் பெற்ற பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியர் பிரெஸ்ஸான் 1950-இல் மதுரைக்கு வந்தார். ஆளுக்குத் தெரியாமல் எடுப்பதே அவர் வழி. கேமராவின் பளபளப்பான பாகங்களைக் கறுப்புப் பட்டையால் மூடிவிடுவார். ஃபிளாஷ் கிடையாது. பெரும்பாலும் 50 மி.மீ. லென்ஸ் ஒன்றே போதும். எடுத்த படத்தைப் பிறகு வெட்டிச் சரிசெய்வதும் மிக அரிது. சட்டகத்துக்குள் எது எங்கே இருக்க வேண்டும் என்பதைப் பொத்தானை அழுத்தும்போதே முடிவு செய்துவிட வேண்டும். மதுரையில் அவர் எடுத்த படமொன்றில் எலும்பும் தோலுமான குழந்தையோடு ஒரு தாய்; பின்னால் வண்டிச் சக்கரம். மெலிந்த உடலும் ஆரக்கால்களும் ஒன்றையொன்று நினைவூட்டும்படி அமைந்துவிட்ட படம் அது. கலையாக அதற்கு ஈடு குறைவு. ஆனால் அந்தத் தாய் யார், அவருக்கு என்ன ஆயிற்று என்பதற்குப் படத்தில் பதில் இல்லை.

கூட்டத்தில் இந்த முறை இன்றும் செல்லும். அழகர் வைகையில் இறங்கும்போது கேமராக்காரரை யார் கவனிக்கப் போகிறார்கள்? அலங்காநல்லூர் வாடிவாசலில் 1/1000 விநாடி வேகம் வைத்தால் பாயும் காளை அப்படியே உறைந்து நிற்கும்.

மதுரைக்காரரான எம். பழனிக்குமாரின் வழி இதற்கு நேரெதிர். அவருடைய அம்மா மீன் வியாபாரி. பழனிக்குமார் கடன் பெற்று 2013-இல் கேமரா வாங்கியவர். ‘கக்கூஸ்’ ஆவணப்படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களையும், கடல்பாசி எடுக்கும் ராமநாதபுரம் பெண்களையும், கரிமேடு மீன் சந்தையில் தன் அம்மாவையும் படமாக்கினார். மறைந்து நின்று எடுத்தவை அல்ல இவை. எடுக்கப்படுகிறவருக்கு ஆளையும் தெரியும், கேமராவையும் தெரியும். பழகிவிட்டதால் அவர்கள் தங்கள் வேலையைத் தங்கள் போக்கில் பார்க்கிறார்கள். இயல்பு அங்கேதான் வருகிறது. இதற்கு வேகம் உதவாது, காலம் செலவழிய வேண்டும். கண் சிமிட்டும் நேரத்தில் கிடைக்கும் அதிர்ச்சியும் இவற்றில் குறைவு.

செல்போன் எல்லோர் கையிலும் இருப்பதால் யாரும் யாரையும் சொல்லாமல் எடுத்துவிடக்கூடிய இன்றைய ஊருக்கு இரண்டாவது வழியே நியாயமானது. அந்த வழிக்கு அங்கீகாரமும் கிடைத்திருக்கிறது. பத்திரிகையாளர் பி. சாய்நாத் தொடங்கிய ‘பாரி’ என்ற கிராமப்புற இந்திய ஆவணக் காப்பகத்தில் பணியாற்றும் பழனிக்குமார், 2022-இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருதை முதலாவதாகப் பெற்றார்.