தொட்டால் கொப்புளிக்கும் செடி

மாங்காய்க்குக் கல்லெறியாத மாணவர் உண்டா? எறிந்து விழுந்த காயைக் காம்போடு கடித்து, மறுநாள் வாயோரம் புண்ணாகித் தவித்த அனுபவமும் உங்களில் சிலருக்கு இருக்கும். "காம்பைக் கிள்ளி, பாலை வடியவிட்டு, கழுவிவிட்டுக் கடி" என்று பாட்டி சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்திருக்கும்.

மாமரத்திற்குப் பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால் ஓர் உறவினர் உண்டு. மாங்காய்ப் பாலின் தொல்லையை நூறு மடங்காக்கினால் என்ன ஆகுமோ, அதைச் செய்யக்கூடிய உறவினர் அது. அதன் கதையைத் தெரிந்துகொண்டால் நம் உடலைப் பற்றிய ஒரு வியப்பான உண்மையும் விளங்கும்.

ஓக் அல்லாத ஓக்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில், கனடாவின் தென்பகுதி தொடங்கி கலிபோர்னியா வழியாக மெக்சிகோவின் வடபகுதி வரை, மலைச்சரிவுகளிலும் ஓடைக் கரைகளிலும் ஒரு புதர்ச்செடி வளர்கிறது. வெயிலில் புதராக நிற்கும். நிழலில், பக்கத்து மரத்தைப் பற்றிக்கொண்டு கொடிபோல் ஏறும். இதற்கு அவ்வூர் மக்கள் வைத்திருக்கும் பெயர் 'பாய்சன் ஓக்', அதாவது நச்சு ஓக். இலையின் ஓரம் ஓக் மரத்தின் இலையைப்போல் வளைந்து வளைந்து இருப்பதால் இந்தப் பெயர். உண்மையில் ஓக் மரத்திற்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை. மா, முந்திரி, சேங்கொட்டை ஆகியவை அடங்கிய தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தது இது.

ஒவ்வொரு காம்பிலும் மூன்று சிற்றிலைகள் இருக்கும். வசந்த காலத்தில் செந்நிறத் தளிர், கோடையில் பளபளக்கும் பச்சை, இலையுதிர் காலத்தில் கண்ணைக் கவரும் சிவப்பு என்று நிறம் மாறிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் குச்சியாக நிற்கும். அழகிய சிவப்பு இலையைப் பறித்துப் புத்தகத்தில் வைப்பவரும், வெறும் சுள்ளிதானே என்று விறகுக்கு ஒடிப்பவரும் ஒருசேர மாட்டிக்கொள்வார்கள். ஏனெனில் இலை, தண்டு, வேர் எல்லாவற்றிலும் ஓர் எண்ணெய் இருக்கிறது.

கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

அந்த எண்ணெயின் பெயர் உருஷியால். இது ஜப்பானிய மொழியிலிருந்து வந்த சொல். ஜப்பானிலும் சீனாவிலும் மரக் கிண்ணங்களுக்கும் பெட்டிகளுக்கும் பூசும் பளபளப்பான கறுப்பு அரக்கு மெருகை நீங்கள் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். அந்த மெருகு ஒரு மரத்தின் பாலிலிருந்து கிடைக்கிறது. அதை 'உருஷி' என்பார்கள். அந்த மரமும் பாய்சன் ஓக்கின் நெருங்கிய உறவினரே. இப்பாலின் ரசாயன அமைப்பை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆராய்ந்து கண்டவர் ரிக்கோ மஜிமா என்ற ஜப்பானிய ரசாயன அறிஞர்.

உருஷியால் மூலக்கூறுக்கு ஒரு தலையும் நீண்ட வாலும் உண்டு. வால் 15 அல்லது 17 கார்பன் அணுக்கள் கொண்ட சங்கிலி. எண்ணெய்த் தன்மையைத் தருவது அதுதான். தோலின் மேற்பரப்பிலும் கொழுப்புப் பொருள்கள் இருக்கின்றன அல்லவா? அதனால் இந்த வால் எளிதாக உள்ளே நுழைந்துவிடுகிறது. தலைப்பகுதியோ ஆக்சிஜனேற்றம் அடைந்து, தோலில் உள்ள புரதங்களோடு இறுகப் பிணைந்துகொள்கிறது.

இந்த எண்ணெய்க்கு நிறம் இல்லை என்றே சொல்லலாம். ஒரு உப்புத் துகளைவிடக் குறைந்த அளவு பட்டாலே பலருக்குப் போதும். காய்ந்து போனாலும் வீரியம் குறையாது. தோட்டக் கத்தரியிலும், காலணியிலும், கூடாரத் துணியிலும் மாதக் கணக்கில், ஏன், ஓராண்டுக்கு மேலும் ஒட்டிக்கொண்டிருந்து கைபட்டவுடன் வேலையைக் காட்டும்.

எதிரி யார்?

இங்கேதான் வேடிக்கை. உருஷியால் அமிலத்தைப்போல் தோலை எரிப்பதில்லை. பாம்பு நஞ்சைப்போல் இரத்தத்தைக் கெடுப்பதும் இல்லை. அப்படியானால் கொப்புளம் ஏன் எழுகிறது? அதை எழுப்புவது நம் உடலேதான்!

ஒரு வீட்டுச் சுவரில் யாரோ எதிரி நாட்டுக் கொடியை ஒட்டிவிட்டுப் போய்விட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். காவல்காரர்கள் ஓடி வந்து, வீட்டில் இருப்பது எதிரி என்றே எண்ணி வீட்டை இடித்துத் தள்ளினால் எப்படி இருக்கும்? உருஷியால் செய்வது கொடி ஒட்டும் வேலை. அது ஒட்டிய பிறகு, நம் சொந்தத் தோல் புரதம் அந்நியப் பொருளாகத் தோற்றம் தருகிறது.

தோலில் லாங்கர்ஹான்ஸ் செல்கள் என்ற காவலர்கள் இருக்கிறார்கள். பால் லாங்கர்ஹான்ஸ் என்பவர் 1868-ல், மருத்துவ மாணவராக இருந்தபோதே கண்டுபிடித்து விவரித்த செல்கள் இவை. அவற்றை அவர் நரம்புச் செல்கள் என்று கருதினார். அவை காவலர்கள் என்பது பிற்காலத்தில் தெரிய வந்தது. இச்செல்கள் மாறுபட்ட புரதத்தின் துண்டை எடுத்துக்கொண்டு அருகிலுள்ள நிணநீர் முடிச்சுக்குப் போகின்றன. அங்குள்ள டி செல்கள் என்னும் வெள்ளணுக்களுக்கு அதைக் காட்டுகின்றன. "இதைத் தெரிந்து வைத்துக்கொள்; மறுபடி வந்தால் விடாதே" என்பதுபோல!

முதல் முறை இந்தப் பாடம் நடந்து முடியவே ஒன்று முதல் மூன்று வாரம் ஆகலாம். ஆகவே முதல் தடவை செடியைத் தொட்டவர், "எனக்கு ஒன்றும் ஆகவில்லையே" என்று மார்தட்டுவார். அடுத்த முறை தொடும்போது பயிற்சி பெற்ற டி செல்கள் தயாராக இருக்கும். ஒன்றிரண்டு நாளில் படை திரண்டுவிடும். தோல் சிவந்து, தடித்து, தாங்க முடியாத அரிப்போடு நீர்க் கொப்புளங்கள் எழும். தாமதமாக வெளிப்படும் இத்தகைய விளைவைத் 'தாமத ஒவ்வாமை' என்கிறார்கள்.

எல்லோருக்கும் இப்படி நேருமா? பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நேரும். சிலருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் இன்று ஒன்றும் ஆகாதவருக்கு நாளை ஆகலாம். ஆடுகளும் மான்களுமோ இந்த இலையை நிம்மதியாக மேய்கின்றன. கலிபோர்னியாவில் இப்புதர்களை ஒழிக்க ஆட்டு மந்தைகளையே வாடகைக்கு அழைப்பதுண்டு.

தவறான எண்ணங்கள்

"கொப்புள நீர் பட்டால் பரவும்" என்று பலர் நம்புகிறார்கள். இது தவறு. கொப்புளத்தில் ஊறும் நீர் நம் உடலின் நீர்தான். அதில் உருஷியால் இல்லை. நோயாளியைத் தொட்டால் நமக்கு ஒட்டிக்கொள்ளாது. அப்படியானால் தடிப்பு நாளுக்கு நாள் புதிய இடங்களில் தோன்றுவது ஏன்? இமை, முன்கை போன்ற மெல்லிய தோலில் எண்ணெய் விரைவில் ஊடுருவும். தடித்த தோலில் மெதுவாக ஊடுருவும். எண்ணெய் மிகுதியாகப் பட்ட இடம் முந்தும். குறைவாகப் பட்ட இடம் பிந்தும். கழுவாத சட்டையையோ செருப்பையோ திரும்பத் திரும்பத் தொடுவதும் ஒரு காரணம்.

"இலையைச் சிறிது சிறிதாகத் தின்றால் பழகிவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. இது ஆபத்தானது. வாயும் தொண்டையும் வீங்கித் துன்பப்பட்டவர்கள் உண்டு.

"வெட்டிக் குவித்து எரித்துவிட்டால் தொல்லை விட்டது" என்பது எல்லாவற்றிலும் கொடிய தவறு. எண்ணெய் புகையின் துகள்களோடு சேர்ந்து காற்றில் பரவும். அதைச் சுவாசித்தால் தோலில் வந்த அதே போர் மூச்சுக்குழலிலும் நுரையீரலிலும் நடக்கும். உயிருக்கே ஆபத்து நேரலாம். கலிபோர்னியாவின் காட்டுத்தீயை அணைக்கும் வீரர்களுக்கு நெருப்பைப்போல் இந்தப் புகையும் ஓர் எதிரி.

பட்டுவிட்டால் என்ன செய்வது?

முதல் மருந்து, கடிகாரம்! எண்ணெய் புரதத்தோடு பிணையுமுன் அதை அகற்ற வேண்டும். முதல் பத்து நிமிடத்திற்குள் கழுவுவது மிக நல்லது. அரைமணி கடந்தால் பெரும்பகுதி பிணைந்துவிடும். ஆனாலும் கழுவாமல் இருக்கக்கூடாது. மீதியாவது போகும், வேறு இடத்திற்குப் பரவாமலும் இருக்கும்.

சோப்பும் குளிர்ந்த அல்லது வெதுவெதுப்பான நீரும் போதும். ஆனால் துணியால் தேய்த்து, பலமுறை அலச வேண்டும். நகக்கண்ணையும் மறக்கக்கூடாது. உடைகளைத் தனியே துவைக்க வேண்டும். கருவிகளையும் காலணிகளையும் கையுறை அணிந்து கழுவ வேண்டும். புதருக்குள் ஓடிவந்த நாயையும் குளிப்பாட்ட வேண்டும். அதற்குப் பொதுவாக ஒன்றும் ஆகாவிட்டாலும் அதன் ரோமத்தில் உள்ள எண்ணெய் உங்கள் கைக்கு வரும்.

தடிப்பு எழுந்துவிட்டால், அது ஒன்று முதல் மூன்று வாரத்தில் தானாகவே ஆறும். அதுவரை அரிப்பைத் தணிப்பதே சிகிச்சை. குளிர்ந்த நீரில் நனைத்த துணியை வைக்கலாம். காலமைன் லோஷன் தடவலாம். கொப்புளத்தை உடைக்கக்கூடாது, நகம் பட்டால் கிருமி புகுந்து சீழ் வைக்கும். ஸ்டீராய்டு களிம்புகள் வீக்கத்தை அடக்கும். ஆனால் அவற்றை மருத்துவர் சொன்ன அளவில், சொன்ன நாள்வரை மட்டுமே தடவ வேண்டும்.

முகம் அல்லது கண் வீங்கினாலும், உடலில் பெரும்பகுதி பாதிக்கப்பட்டாலும், காய்ச்சலோ சீழோ கண்டாலும் உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். மூச்சுத் திணறினால் ஒரு நிமிடமும் தாமதிக்கக்கூடாது. கடுமையான நிலையில் மருத்துவர்கள் ஸ்டீராய்டு மாத்திரையை இரண்டு மூன்று வாரம் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். நடுவில் நிறுத்தினால் தடிப்பு திரும்பி வரும். டி செல்களின் போர் அத்தனை நாள் நீடிக்கிறது என்பதே காரணம்.

இவை எல்லாவற்றையும்விட மேலானது தடுப்பு. 'மூன்று இலை கண்டால் தள்ளி நில்' என்பது அமெரிக்கச் சிறுவர்களுக்குச் சொல்லித்தரும் பாடம். பாதையை விட்டு விலகாமல் நடப்பது, முழுக்கைச் சட்டையும் நீண்ட கால்சட்டையும் அணிவது, வீடு திரும்பியதும் கழுவுவது ஆகிய மூன்றும் பழகிவிட்டால் கவலையில்லை.

நம் வீட்டு உறவினர்கள்

"எங்கோ இருக்கும் செடிக்கு நாம் ஏன் கவலைப்பட வேண்டும்?" என்று கேட்பீர்கள். இதன் உறவினர்கள் நம்மிடையே இருக்கிறார்களே! சலவைத் தொழிலாளர்கள் துணியில் அழியாத குறி போடப் பயன்படுத்திய சேங்கொட்டையின் சாற்றிலும் இத்தகைய எண்ணெய் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியா வந்த அமெரிக்க வீரர்கள் சிலருக்குக் கழுத்தின் பின்புறம் தடிப்பு வந்தது. ஆராய்ந்து பார்த்தால் சட்டைக் காலரில் இருந்த சலவைக் குறிதான் காரணம்! 1943-ல் இராணுவ மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதினார்கள். நம் செடியின் எண்ணெயை அவர்கள் உடல் அடையாளம் கண்டுகொண்டது எப்படி என்று இப்போது நீங்களே ஊகிக்கலாம். சொந்த ஊரில் இந்தக் குடும்பத்துச் செடியால் முன்பே பாடம் பெற்றவர்களுக்குச் சேங்கொட்டை பழைய எதிரியாகவே தோன்றும்.

1982-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், ஒரு சிறுவர் விளையாட்டுக் குழுவினர் விற்ற முந்திரிப் பருப்பைத் தின்ற 54 பேருக்கு இதேபோன்ற தடிப்பு வந்தது. பருப்போடு ஓட்டுத் துண்டுகள் கலந்திருந்தன. முந்திரிக் கொட்டையின் ஓட்டுக்குள் தேன்கூடு போன்ற அறைகளில் காரமான எண்ணெய் இருக்கிறது. பருப்பில் தீங்கில்லை, ஓட்டில்தான் வம்பு.

அந்த ஓட்டை உடைப்பவர்கள் யார்? பண்ருட்டிப் பகுதியிலும், கன்னியாகுமரி மாவட்டத்திலும், கேரளத்தின் கொல்லத்திலும் பெரும்பாலும் பெண்கள்தான். கையில் எண்ணெயோ சாம்பலோ பூசிக்கொண்டு நாளெல்லாம் கொட்டை உடைத்து, விரல்கள் கறுத்துத் தோல் உரிந்துபோனவர்கள் பலர். தாங்கள் தொடுவது என்ன, அது எவ்வளவு நேரத்தில் தோலோடு பிணையும், கையுறையும் சோப்பும் ஏன் தேவை என்பதெல்லாம் அவர்கள் கேட்டுப் பெற வேண்டிய அறிவு. வேலை கொடுப்பவர் செய்து தர வேண்டிய வசதி. அடுத்த முறை பாயசத்தில் முந்திரி கடிபடும்போது அந்த விரல்களை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் அந்த வேலை செய்பவர் இருந்தால் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டுங்கள்.

செய்து பாருங்கள்

பழைய உடை அணிந்துகொள்ளுங்கள். ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெயில் சிறிது விளக்குக் கரியைக் குழைத்து இரு கைகளிலும் மெல்லியதாகப் பூசுங்கள். இதுதான் உங்கள் 'உருஷியால்'. இப்போது ஒரு வெள்ளைத் தாளையும் பழைய குவளை ஒன்றையும் தொட்டுப் பாருங்கள். எங்கெல்லாம் கறை படிகிறது? பிறகு கையை வெறும் நீரில் காட்டுங்கள். அடுத்து சோப்பை மட்டும் பூசித் தேய்க்காமல் அலசுங்கள். கடைசியாகச் சோப்பும் ஈரத்துணியும் கொண்டு நன்றாகத் தேய்த்து அலசுங்கள். ஒவ்வொரு முறையும் எவ்வளவு கரி மிஞ்சுகிறது, விரலிடுக்கிலும் நகக்கண்ணிலும் எவ்வளவு ஒளிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

கரி கண்ணுக்குத் தெரிகிறது. உருஷியால் தெரியாது. அதுதான் வித்தியாசம்!