ஒரு நாள்... ஒரு நாவல்!

பரீட்சைக்கு முந்தின ராத்திரி அஞ்சு யூனிட்டையும் முடிக்கிற பரம்பரை நாம. ஒரு நாளைக்கு ஒரு நாவல் முடிக்க மாட்டோமா என்ன? அப்படித்தான் பாஸ் நானும் களத்துல குதிச்சேன். ஏழு நாள்... ஏழு கிளாசிக்!

முதல் பலி, ஹெமிங்வேயின் 'கிழவனும் கடலும்'. 1952-ல் வெளிவந்த குட்டி நாவல். ஆங்கிலத்தில் சுமார் 27,000 வார்த்தைகள். மொபைல்ல டைமர், வரிக்குக் கீழே விரல், 'திரும்பிப் பார்க்கவே கூடாது'ன்னு சபதம். நிமிஷத்துக்கு 600 வார்த்தை. 45-வது நிமிஷம், கதை ஓவர்!

காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு ரூம்மேட்கிட்ட சொன்னேன். ஏற்கெனவே அதைப் படிச்சவன். ஒரே கேள்விதான் கேட்டான். "எப்பவும் கிழவன்கூட மீன் பிடிக்கப் போற பையன், இந்தத் தடவை ஏன்டா போகலை?"

பேந்தப் பேந்த முழிச்சேன். விடை முதல் பக்கத்திலேயே இருக்கு. 40 நாளா ஒரு மீன்கூட சிக்கலைன்னு, அவனோட அப்பா, அம்மா அவனை வேற படகுக்கு அனுப்பிடறாங்க. கிழவனோட தனிமையே அங்கேதான் ஆரம்பிக்குது. நான் அதைத் தாண்டி ஓடியிருக்கேன்!

இந்த விரல் வித்தை புதுசு இல்லை. அமெரிக்காவில் ஈவ்லின் வுட் 1959-லேயே வேக வாசிப்பு வகுப்பு ஆரம்பிச்சாங்க. ஆனா, கீத் ரேனர் குழுவின் ஆய்வுக் கட்டுரை 2016-ல் போட்டு உடைச்சிடுச்சு: வேகம் கூடக் கூட, புரிதல் குறையும். படிச்ச வரிக்கே கண் திரும்பிப் போறது சோம்பேறித்தனம் இல்லை. விட்டதைப் பிடிக்கிற வேலை. மார்க் பிரிஸ்பேர்ட் 2019-ல் தந்த கணக்குப்படி, ஆங்கிலக் கதை படிக்கும் சராசரி வேகம் நிமிஷத்துக்கு 260 வார்த்தைதான். அப்படிப் பார்த்தா, 'கிழவனும் கடலும்' முடிக்க ஒண்ணே முக்கால் மணி நேரம். ஒரு சினிமாவை விடக் கம்மி!

பெரிய நாவல்களையும் ஒரே மூச்சில் விழுங்க வேண்டியதில்லை. டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' 1860 டிசம்பர்ல ஆரம்பிச்சு 36 வாரம் தொடர்கதையா வந்தது. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' 361 அத்தியாயம். தினம் ஒண்ணுன்னா ஒரு வருஷத்துக்குள்ள முடிஞ்சுடும்!

ஸோ, சவாலைக் கொஞ்சம் மாத்துவோமா? தினம் 20 நிமிஷம். புத்தகத்தை மூடினதும், படிச்சதை மூணே வாக்கியத்துல ஃப்ரெண்டுகிட்ட சொல்லுங்க. முடியலையா? அதே பக்கத்துக்கு ரிவர்ஸ் கியர்!

நான் கிழவனை மறுபடி ஒரு வாரம் படிச்சேன். "இப்போ கேளுடா"ன்னு ரூம்மேட் முன்னால உக்காந்தேன். கேட்டான், சொன்னேன். மறுத்தான், சண்டை போட்டேன். நிமிர்ந்து பார்த்தா, மெஸ்ஸை மூடிட்டாங்க. ரெண்டு பேருக்கும் அன்னிக்கு ராத்திரி பிஸ்கட்தான்.

ஏழு நாவல் கணக்கு? ஒண்ணுதான் முடிஞ்சிருக்கு பாஸ். ஆனா, அதுல எங்கே வேணும்னாலும் கேளுங்க!