சிஸ்டர், அந்த நோட்டைக் கொஞ்சம் காட்டுங்க!

இருங்காட்டுக்கோட்டை சிப்காட்டில் ஒரு உதிரி பாகக் கம்பெனிக்கு ஸ்டாக் கணக்கு சரிபார்க்கப் போயிருந்தேன். கணக்கில் ஓட்டை இருந்ததோ இல்லையோ, கண்ணில் தூசு விழுந்துவிட்டது. ஃபர்ஸ்ட் எய்டு ரூமுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

சிஸ்டர் கண்ணைக் கழுவி, சொட்டு மருந்து விட்டு, ஒரு நீள நோட்டில் என் பேரை எழுதினார். பி.காம். படித்தவன் கண் எங்கே போகும்? நெய்வேலி நிலக்கரியில் விழுந்தாலும் நேரே 'காலம்' போட்ட பக்கத்துக்குத்தான் போகும். தேதி, டோக்கன் நம்பர், நேரம், என்ன தொந்தரவு, என்ன சிகிச்சை. ஒற்றைக் கண்ணால் படித்தேன். தலைவலி, அசிடிட்டி, விரல், விரல், முதுகு வலி, விரல்...

"என்ன சிஸ்டர், இத்தனை விரலா?"

"பிரஸ்ல கை வைக்கிற பசங்க சார். நைட் ஷிஃப்டுல கடைசி ரெண்டு மணி நேரம் பாருங்க, தூக்கக் கலக்கத்துல வந்து நிப்பாங்க. ஊர்லேர்ந்து வந்து ஒரு மாசம்கூட ஆகியிருக்காது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டுப் போடறது நான்தானே சார்!"

"மேலே யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார் சார் கேட்டாங்க?"

சுருக்கென்றது. டே-புக்கை வருஷக்கணக்கில் ஒழுங்காக எழுதி, லெட்ஜரில் போஸ்டிங்கே பண்ணாமல் வைத்திருந்தால் என்ன ஆகும்? கம்பெனி லாபத்தில் ஓடுகிறதா, நஷ்டத்திலா என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். நம் ஊர் நர்ஸ்களின் நோட்டுகள் முக்கால்வாசி அந்த கதிதான். எழுதுவது அவர்கள். கூட்டிப் பார்ப்பது யாருமில்லை.

'நர்ஸுக்கும் ஆராய்ச்சிக்கும் என்ன சார் சம்பந்தம்? அதெல்லாம் டாக்டருங்க வேலை' என்கிறீர்களா? விளக்கேந்திய சீமாட்டி ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். கிரிமியா யுத்தத்தில் (1853-56) குண்டடி பட்டுச் செத்த சிப்பாய்களைவிட, தடுத்திருக்கக்கூடிய வியாதிகளில் செத்தவர்களே அதிகம் என்று எண்ணிக் காட்டினார். கலர் கலராகப் படம் போட்டு மந்திரிகள் மண்டையில் ஏற்றினார். 1858-ல் லண்டன் புள்ளிவிவரச் சங்கத்தில் உறுப்பினரான முதல் பெண் அவர்தான். விளக்கை நாம் ஞாபகம் வைத்துக்கொண்டோம், கணக்கை மறந்துவிட்டோம்.

லண்டன் வரை எதற்கு? நம்ம சேத்துப்பட்டுக்கே வாருங்கள். அந்தக் காலத்தில் டி.பி. என்றாலே சானடோரியம். மாதக்கணக்கில் படுக்கை, பால், முட்டை, நல்ல காற்று. ஏழைக்கு எங்கே போவது? 1956-ல் மெட்ராஸில் ஒரு ஆராய்ச்சி மையம் ஆரம்பித்தார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலும் கூட்டு. 193 நோயாளிகளைச் சீட்டுப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி சானடோரியத்தில். மறு பாதி நெரிசலான வீட்டிலேயே, அரைகுறைச் சாப்பாட்டோடு. மாத்திரை இருவருக்கும் ஒன்றே.

இங்கேதான் நர்ஸ்கள் வருகிறார்கள். பொது சுகாதார நர்ஸ்களும் ஹெல்த் விசிட்டர்களும் வீடு வீடாகப் போனார்கள். சொல்லாமல் கொள்ளாமல் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரைச் சோதனைக்கு வாங்கி, மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று பார்க்க வழி செய்தார்கள். 'சாப்பிட்டேன்மா' என்று நோயாளி சொல்வதற்கும், நிஜமாகவே சாப்பிட்டதற்கும் வித்தியாசம் தெரிந்தது அவர்களால்தான். ஒரு வருஷத்தில் வீட்டு வைத்தியமும் ஏறக்குறைய சானடோரியம் அளவுக்கே பலன் தந்தது. வீட்டிலிருந்தவர்களுக்கும் கூடுதலாகத் தொற்றவில்லை. 1959-ல் முடிவு வெளியாயிற்று. உலகம் முழுக்க டி.பி. நோயாளி வீட்டிலிருந்தே குணமாகலாம் என்று ஆனதில் நம் மெட்ராஸ் சந்துகளில் செருப்புத் தேய நடந்தவர்களுக்கும் பங்கு உண்டு. அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

அப்புறம் ஏன் நம் சிஸ்டர்கள் ஒதுங்கி நிற்கிறார்கள்? படிப்பு இல்லாமல் இல்லை. வேலூர் சி.எம்.சி.யில் 1946-லேயே பி.எஸ்ஸி. நர்சிங் வந்தாயிற்று. பாடத்தில் ஆராய்ச்சியும் புள்ளியியலும் இருக்கிறது. இல்லாதது நேரம். ஒரு ஆள் மூன்று ஆள் வேலை பார்க்கும்போது எங்கே எண்ணுவது? அப்படியே எண்ணித் தந்தாலும் கட்டுரையில் பேர் வருவது பெரியவர்களுக்கு. 'உதவிக்கு நன்றி' என்று கடைசியில் ஒரு வரி வந்தால் அதிர்ஷ்டம்.

கதைக்கு வருகிறேன். ஒரு வவுச்சரின் பின்பக்கம் நாலு காலம் போட்டுக் கொடுத்தேன். "சிஸ்டர், ஆறு மாச விரலை மட்டும் இதுல எண்ணுங்க. பேரும் வேணாம், டோக்கனும் வேணாம்."

அடுத்த தடவை போனபோது முகம் வாடியிருந்தது. "நான் சொன்னது தப்பு சார். பகல் ஷிஃப்டுலதான் அதிகம் வருது."

"பகல்ல எத்தனை பேர் வேலை பார்க்கறாங்க?"

சட்டென்று நிமிர்ந்தார். டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு வாங்கி வகுத்துப் பார்த்தோம். தலைக்கு இவ்வளவு என்று பார்த்தால் ராத்திரிதான் மோசம். ஆனால் கடைசி ரெண்டு மணி நேரம் இல்லை. பகலிலிருந்து ராத்திரிக்கு மாறுகிற முதல் ரெண்டு நாள்! பாதி சரி, பாதி தப்பு. எண்ணியிருக்காவிட்டால் இரண்டுமே தெரிந்திருக்காது.

மேனேஜர் முதலில், "இதெல்லாம் உங்க வேலையா சிஸ்டர்?" என்றாராம். பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஷிஃப்ட் மாறும் முதல் ரெண்டு ராத்திரி புதுப் பையன்களைத் தனியாக பிரஸ்ஸில் நிறுத்துவதில்லை என்று ஒப்புக்கொண்டாராம். பலன் இருக்கிறதா? அதையும் சிஸ்டர்தான் எண்ணிக்கொண்டிருக்கிறார்.

இது சொந்த வீட்டைப் பெருக்குகிற கணக்கு. வெளியே ஆராய்ச்சியாகப் போவதென்றால் முன்கூட்டியே நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். தொழிலாளியின் சம்மதமும் ரகசியமும் முக்கியம். வழிகாட்ட ஒரு நர்சிங் கல்லூரியைப் பிடித்தால் நல்லது.

ஆபீஸ் நண்பர்களே, நீங்கள் செய்ய வேண்டியது ரொம்பக் கம்மி. சிஸ்டருக்கு வாரத்தில் ரெண்டு மணி நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். கூட்டல் கழித்தலுக்கு உதவுங்கள். ரிப்போர்ட்டில் அவர் பேரை முதலில் போடுங்கள். முக்கியமாக, "எப்படி அடிபட்டுது?" என்று அவர் கேட்டால், "சும்மா சிஸ்டர், கதவிடுக்குல" என்று வீரம் பேசாமல் உண்மையைச் சொல்லுங்கள்.

காப்பாற்றப்போவது அடுத்த பையனின் விரல்.