பாம்பாட்டிச் சித்தரும் மின்சார கிடாரும்

ஓணம் வாரத்தில் மாலை வேளைகளில் திருவனந்தபுரம் கனகக்குன்று பக்கம் போனவர்களுக்கு அந்தச் சத்தம் பழக்கமானதுதான். நிசாகந்தி திறந்தவெளி அரங்கில் இளைஞர்கள் சிலர் கிடாரும் டிரம்ஸுமாக நின்று பாடுவார்கள். கீழே கூட்டமும் எழுந்து நின்று கூடவே பாடும். சாலைக் கடைகளிலும் ஓட்டல்களிலும் வேலை பார்க்கும் நம்மவர்கள் பலர், "இது மலையாளத்துப் பிள்ளைகளின் கூத்து, நமக்கென்ன?" என்று கடலைப் பொட்டலத்தோடு பஸ் ஏறிவிடுவது வழக்கம். சற்று நின்று கேட்டால், அந்தப் பாட்டில் நம் வீட்டுச் சரக்கும் கலந்திருப்பது தெரியும்.

தெற்கத்திப் பாட்டு

'ராக்' என்றாலே வெள்ளைக்காரன் சங்கதி என்று நினைக்கிறோம். அதன் வேர் அமெரிக்காவின் தென் மாநிலங்களில், பருத்திக் காட்டில் பாடுபட்ட கறுப்பு இன மக்களின் பாட்டில் இருக்கிறது. ஜார்ஜியா மாநிலத்தில் பிளைண்ட் வில்லி மெக்டெல் என்ற கண் தெரியாத பாடகர் இருந்தார். பன்னிரண்டு தந்தி கிடாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவில் பாடியவர். 1928-ல் அவர் பாடிய 'ஸ்டேட்ஸ்பரோ புளூஸ்' இசைத்தட்டாக வந்தது.

நாற்பது வருடங்களுக்குப் பிறகு, 1969-ல், அதே தென்பகுதியில் ஆல்மன் பிரதர்ஸ் என்ற குழு தோன்றியது. அதில் கிடார் வாசித்த டுவேன் ஆல்மன், காலியான மாத்திரைப் புட்டியை விரலில் மாட்டித் தந்தி மேல் இழைத்து வாசிப்பார். 1971 மார்ச்சில் நியூயார்க்கில் அவர்கள் நடத்திய கச்சேரிகளை அப்படியே பதிவு செய்து வெளியிட்டபோது, முதல் பாட்டாக வைத்தது அந்தத் தெருப் பாடகரின் பாட்டைத்தான். மெக்டெல் அதைக் கேட்க உயிரோடு இல்லை; 1959-லேயே காலமாகிவிட்டார். ஆனால் பாட்டு பிழைத்துக்கொண்டது.

கச்சேரி முறையும் நமக்குப் புதிதல்ல. நம் கோயில் கொடையில் நையாண்டி மேளம் கேட்டவர்களுக்கு விளக்கம் வேண்டாம். அங்கே தவிலும் பம்பையும் தாளத்தைத் தாங்க, நாதசுரம் மேலே ஏறி விளையாடும். இங்கே டிரம்ஸும் 'பேஸ்' கிடாரும் தாங்க, இன்னொரு கிடாரும் பாடகர் குரலும் விளையாடுகின்றன. திறந்த வெளியில் கடைசி ஆள் வரைக்கும் கேட்க வேண்டும் என்பதால் இரண்டிலும் சத்தம் அதிகம்!

'அவியல்' என்ற குழு

கேரளத்தில் இந்த வழியைத் திறந்தவர்களில் முக்கியமானது 'அவியல்' என்ற குழு. 2003-ல் தொடங்கியது. அதற்கு முன் இங்குள்ள ராக் குழுக்கள் பெரும்பாலும் இங்கிலீஷில்தான் பாடிக்கொண்டிருந்தன. இவர்கள் துணிந்து மலையாளத்தில் பாடினார்கள். டோனி ஜான் குரல், ரெக்ஸ் விஜயன் கிடார், மிதுன் டிரம்ஸ் என்று அமைந்த அந்தக் குழுவின் இசைத்தட்டு 2008-ல் வெளிவந்தது. 2011-ல் 'சால்ட் அண்ட் பெப்பர்' படத்தில் 'ஆனக்கள்ளன்' பாட்டு வந்த பிறகு, ராக் என்ற சொல்லையே கேள்விப்படாதவர்களுக்கும் இவர்களைத் தெரிந்துவிட்டது.

பெயருக்கு ஏற்றபடி அந்த இசைத்தட்டில் பல காய்கள். அதிலுள்ள 'கருகர' என்ற பாட்டு, நாடக ஆசிரியர் காவாலம் நாராயண பணிக்கர் எழுதி, அரவிந்தனின் 'கும்மாட்டி' (1979) படத்தில் வந்தது. கார்மேகத்தை யானையாகப் பாவிக்கும் நாட்டுப்புறச் சாயல் கொண்ட பாட்டு. பணிக்கர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்து 2016-ல் இங்கேயே காலமானவர்.

பாம்பு வந்த வழி

அதே இசைத்தட்டில் 'ஆடு பாம்பே' என்றும் ஒரு பாட்டு உண்டு. இந்த இரண்டு சொல்லைக் கேட்டதும் நமக்கு யார் நினைவு வரும்? பாம்பாட்டிச் சித்தர்தானே!

அந்த அழைப்பை மலையாளத்துக்குக் கொண்டு வந்தவர் ஸ்ரீநாராயண குரு. சித்தர் வழியைப் பின்பற்றி, பாம்பை ஆடச் சொல்லிக் 'குண்டலினிப் பாட்டு' பாடினார். குரு பிறந்த செம்பழந்தி இந்த நகரத்திலேயே இருக்கிறது. அவர் தமிழ் கற்றவர். தமிழில் தேவாரப் பதிகங்கள் பாடியவர். திருக்குறளில் ஒரு பகுதியை மலையாளத்தில் தந்தவர். யோகம் பயின்றது தைக்காடு அய்யாவு சுவாமிகளிடம் என்பார்கள். அய்யாவு தமிழர், தைக்காட்டு ரெசிடென்சியில் அலுவல் பார்த்தவர்.

நாகர்கோவில் ரயிலில் ஊருக்குப் போகிற நாம் நெய்யாற்றின்கரை ஸ்டேஷனைத் தாண்டுகிறோம். அங்கிருந்து சற்றுத் தூரத்தில்தான் 1888-ல் குரு சிவப்பிரதிஷ்டை செய்த அருவிப்புரம். நாகர்கோவிலைத் தாண்டினால், அவர் தவம் செய்த மருத்துவாமலை. நாம் மூட்டை முடிச்சோடு போய் வருகிற அதே பாதையில்தான் அந்தப் பாட்டும் வந்து சேர்ந்தது.

இது தகுமா?

சித்தர் பாட்டையும் குரு பாட்டையும் கிடாரில் போட்டு முழக்கலாமா என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பது உண்டு. அவர்கள் வருத்தத்தைத் தள்ளிவிட முடியாது. சத்தத்தில் சொல் அமுங்கிப் போனால், அது பாட்டுக்குச் செய்யும் அநியாயம்தான். ஆனால் பாம்பாட்டியின் பாட்டு முதலில் பூஜை அறைக்காகப் பிறந்ததா? தெருவில் மகுடி ஊதுகிறவன் பேச்சை எடுத்துத்தானே சித்தர் ஞானம் சொன்னார்! தெருவில் இருந்து வந்த பாட்டு மறுபடியும் கூட்டத்துக்கு நடுவே போவதில் குறை சொல்ல என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டிலும் இது நடக்கிறது. 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு முதல் கச்சேரி நடத்தியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் முயற்சி, இசைப் பொறுப்பு டென்மா. வடசென்னைக் கானாவும் பறையும் கிடாரோடு மேடை ஏறின. சாவு வீட்டுப் பாட்டு என்று ஒதுக்கப்பட்ட கானா, சாதிக் கொடுமையைக் கேள்வி கேட்டது.

நம் பிள்ளைகள்

பிழைக்க வந்த ஊரில் நமக்கு உள்ள பெரிய கவலை பிள்ளைகளைப் பற்றியது. வீட்டில் தமிழ் பேசிப் பள்ளியில் மலையாளம் படிக்கிறார்கள். தமிழ் எழுத்து தெரியாதவர்கள் பலர். "எங்கள் பாட்டு எது?" என்று கேட்டால் சினிமாப் பாட்டைத்தான் சொல்வார்கள். ஆச்சிக்குத் தெரிந்த தாலாட்டும், நடவுப் பாட்டும், தெம்மாங்கும் அவர்கள் காதில் விழுவதே இல்லை.

அடுத்த ஓணத்துக்குப் பிள்ளைகளைக் கனகக்குன்றுக்கு அழைத்துப் போங்கள். 'ஆடு பாம்பே' கேட்க நேர்ந்தால், அது எங்கிருந்து வந்தது என்று சொல்லுங்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது ஆச்சியைப் பாடச் சொல்லிக் கைபேசியில் பிடித்து வையுங்கள். ஆச்சி முதலில் வெட்கப்படுவார். இரண்டு தரம் கேட்டால் பாடிவிடுவார். மெக்டெல்லின் பாட்டு மறு தலைமுறைக்குக் கிடைத்ததற்குக் காரணம், 1928-ல் யாரோ அதைத் தட்டில் பதிந்து வைத்ததுதான்.