மேகக் கணிமை: சாவி யார் கையில்?

'இனி எல்லாம் கிளவுட்'னு சொன்னதும், மேசைக் கணினியில் வேலை செய்யும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "நெட் இல்லேன்னா என்ன செய்யறது?" நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று இருப்பதாக நான் நினைக்கிறேன். அடோபி நிறுவனத்தை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

2013 மே மாதம் அடோபி ஓர் அறிவிப்பை வெளியிட்டது. போட்டோஷாப், இன்டிசைன், இல்லஸ்ட்ரேட்டர் எல்லாம் அடங்கிய கிரியேட்டிவ் சூட் தொகுப்பில் சிஎஸ்6 தான் கடைசி. இனி வரும் புதுப் பதிப்பெல்லாம் கிரியேட்டிவ் கிளவுட் சந்தாவில் மட்டுமே. ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிவிட்டு வருஷக்கணக்கில் அதையே ஓட்டியவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. 2001-இல் வந்த பேஜ்மேக்கர் 7 நம்மூர் டிடிபி கடைகளில் எத்தனை காலம் ஓடியது என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். பெயரில் கிளவுட் இருந்தாலும், அன்று வந்த போட்டோஷாப் மேகத்தில் ஓடவில்லை. முன்பு போலவே நம் கணினியில்தான் நிறுவ வேண்டும். நெட் இல்லாமலும் பல நாள் வேலை செய்யும். மாறியது உரிமம்தான். சந்தா உயிரோடு இருக்கிறதா என்று மென்பொருள் அவ்வப்போது நிறுவனத்தின் சர்வரிடம் கேட்டுக்கொள்ளும். பதில் வராவிட்டால் ஒரு கட்டத்தில் நின்றுவிடும். ஆக, பயப்பட வேண்டியது நெட்டுக்கு அல்ல. சாவி யார் கையில் என்பதற்குத்தான்.

இது வெறும் கற்பனைப் பயமும் இல்லை. 2019 அக்டோபரில், அமெரிக்க அரசின் தடையாணையைக் காரணம் காட்டி, வெனிசுவேலாவில் உள்ள எல்லாக் கணக்குகளையும் முடக்கப்போவதாக அடோபி அறிவித்தது. கடைசி நேரத்தில் அரசின் அனுமதி கிடைத்ததால் அந்த முடிவு கைவிடப்பட்டது. பணம் கட்டிக்கொண்டிருந்தவர்களின் தொழில், அவர்களுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு கையெழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

அப்போ பெட்டியில் வாங்கினால் கவலையே இல்லையா? அப்படியும் சொல்ல முடியாது. சிஎஸ்2-வைக் காசு கொடுத்து வாங்கியவர்களும் நிறுவும்போது சர்வரின் ஒப்புதலைப் பெற வேண்டியிருந்தது. அந்த சர்வரை நிறுத்தியபோது, ஒப்புதல் தேவைப்படாத பதிப்பு ஒன்றை அடோபியே கொடுத்ததால்தான் அவர்களால் மறுபடி நிறுவ முடிந்தது.

சந்தாவில் நன்மையும் உண்டு. மொத்தமாகப் பெரிய தொகை போட முடியாதவர்கள் ஒரு மாதத்துக்கு மட்டும் எடுத்து வேலையை முடித்துக்கொள்ளலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் உடனுக்குடன் வந்துவிடும்.

சிக்கல் சந்தாவை நிறுத்தும்போதுதான் தெரியும். இன்டிசைனில் வடிவமைத்த புத்தகக் கோப்பு உங்கள் ஹார்ட் டிஸ்கில் பத்திரமாகவே இருக்கும். ஆனால் திறக்க வழி இருக்காது. கோப்பு உங்களுடையது, சாவி அவர்களுடையது.

அதனால் எந்த மென்பொருளுக்குச் சந்தா கட்டினாலும் ஒன்றை மட்டும் முதலில் பாருங்கள்: நான் செய்த வேலையை வேறு மென்பொருள் திறக்கும் வடிவத்தில் வெளியே எடுக்க முடியுமா? இன்டிசைன் என்றால், ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஐடிஎம்எல், பிடிஎஃப் இரண்டிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். ஐடிஎம்எல் கோப்பை சிஎஸ்4 முதல் உள்ள பழைய இன்டிசைனிலும் திறக்கலாம். சந்தா இருக்கும்போதே செய்துவிடுங்கள், முடிந்தபிறகு முடியாது.