150 மீட்டர் கேட்ட மேயர்

பக்கத்து வயலில் அடிக்கும் பூச்சிமருந்து காற்றோடு வீட்டுக்குள் வந்தால், அதைத் தடுக்கும் அதிகாரம் யாருக்கு? சுமார் 600 பேர் வசிக்கும் ஒரு பிரெஞ்சு கிராமம் இந்தக் கேள்வியை நீதிமன்றம் வரை கொண்டு சென்றது.

அந்த ஊரின் பெயர் லாங்குவே. மேற்குப் பிரான்சின் பிரிட்டனி பகுதியில் உள்ளது. பிரான்சில் பெருநகரம் முதல் குக்கிராமம் வரை ஒவ்வொன்றும் ஒரு 'கம்யூன்'. மொத்தம் சுமார் 35 ஆயிரம். நம் ஊராட்சியைப் போல ஒவ்வொன்றுக்கும் மன்றம் உண்டு. மக்கள் உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்க, அவர்கள் தங்களில் ஒருவரை மேயராக்குவார்கள். தொடக்கப் பள்ளியின் உணவுக்கூடமும் கம்யூன் பொறுப்பு. லாங்குவே பள்ளியில் 2004 முதல் முழுக்க இயற்கை விளைபொருளில்தான் சமையல்.

தட்டில் செய்ததை வயல் ஓரத்திலும் செய்ய நினைத்தார் மேயர் டானியல் குயெஃப். வீடுகள், பணியிடங்களில் இருந்து 150 மீட்டருக்குள் பூச்சிமருந்து, களைக்கொல்லி தெளிக்கக் கூடாது என்று 2019 மே 18-ல் ஆணையிட்டார். மாவட்டத்தில் அரசின் பிரதிநிதியான பிரிஃபெக்ட் வழக்குத் தொடுத்தார். மருந்துகளை ஒழுங்குபடுத்துவது மத்திய அரசின் வேலை, மேயருடையது அல்ல என்பது வாதம். ஆகஸ்டில் ஆணை நிறுத்தப்பட்டது, அக்டோபரில் ரத்தானது. ஆனால், நூற்றுக்கும் மேற்பட்ட மேயர்கள் இதேபோல் ஆணை பிறப்பித்தார்கள்.

விவசாயிகளின் கவலையையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். குடியிருப்பை ஒட்டி 100 மீட்டர் வரப்பு இருந்தால், 150 மீட்டர் தடை என்பது 1.5 ஹெக்டேர், அதாவது 3.7 ஏக்கர். 5 மீட்டர் என்றால் சுமார் 12 சென்ட்தான். சிறு விவசாயிக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கடைசியில் மத்திய அரசே தூரத்தை நிர்ணயித்தது. 2020 ஜனவரி முதல் திராட்சை, பழமரங்கள் போன்ற உயரமான பயிர்களுக்கு 10 மீட்டர். மற்ற பயிர்களுக்கு 5 மீட்டர். மிக ஆபத்தான மருந்துகளுக்கு 20 மீட்டர். மேயருக்கு இதில் அதிகாரம் இல்லை என்று 2020 டிசம்பரில் உச்ச நிர்வாக நீதிமன்றமும் உறுதி செய்தது.

தூரம் எவ்வளவு என்பது அரசு முடிவு செய்வது. புகை போன்ற நுண்துளி வராத நாசிலைப் பொருத்துவதும், பயிருக்கு நெருக்கமாகத் தெளிப்பதும் உங்கள் கையில் இருக்கிறது. மணிக்கு 19 கிலோமீட்டரைத் தாண்டிக் காற்று வீசினால் பிரான்சில் தெளிக்கவே தடை. இலையும் சிறு கிளையும் விடாமல் ஆடும் நேரத்தில் நீங்களும் தெளிப்பானைக் கீழே வையுங்கள். காற்றில் போகும் மருந்து உங்கள் காசு. போய்ச் சேருவது அடுத்த வீட்டுக் குழந்தையிடம்.