டாக்டர் மாற்றலானால் குதிரைக்கு யார்?

கால்நடை மருந்தகத்து டாக்டர் மாற்றலாகிப் போகிறார் என்றால் மாட்டுக்காரருக்கு இரண்டு நாள் கவலை. குதிரைக்காரருக்கோ அடுத்தவர் வந்து பழகும் வரை கவலைதான். டி. கல்லுப்பட்டி, பேரையூர் பக்கத்துக் கரிசல் காட்டில் கால்நடை என்றால் மாடும் ஆடும் கோழியும்தான். மதுரையில் ஜட்கா வண்டிகள் ஓடிய காலம் மலையேறிவிட்டது. ரேக்ளாப் பந்தயத்துக்கும் சவாரிக்கும் கல்யாண ஊர்வலத்துக்கும் ஒன்றிரண்டு குதிரை வைத்திருப்பவர்கள்தான் மிச்சம். புதிதாக வரும் டாக்டர் கல்லூரியில் குதிரை வைத்தியம் படித்தவர்தான். ஆனால் குதிரையைத் தொட்டுப் பார்த்த பழக்கம் எல்லோருக்கும் ஒன்றுபோல் இருக்காது.

லாயத்தில் விடிந்ததும் முதல் வேலை தீனி வைப்பதல்ல, லத்தியைப் பார்ப்பது. நல்ல குதிரை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை லத்தி போடும். இரவில் போட்டது குறைவாக இருந்தாலோ, வைத்த தட்டை அப்படியே கிடந்தாலோ அன்றைக்குச் சவாரி வேண்டாம். அடுத்து நான்கு குளம்பையும் தூக்கிக் கல், ஆணி, சேறு எடுக்க வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவி லாடம் மாற்ற வேண்டும். பிறகு தேய்ப்பு, தண்ணீர், தீனி. பெரிய குதிரைக்கு நாளொன்றுக்கு 25 முதல் 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். வெயில் காலத்தில் இன்னும் கூடும்.

தீனி விஷயத்தில்தான் மாட்டுக்காரர் ஏமாறுகிறார். மாட்டுக்கு நான்கு அறை வயிறு; அசை போடும். குதிரைக்கு ஒரே வயிறு, அதுவும் சிறியது. அதற்கு வாந்தி எடுக்கவும் வராது. ஆகவே ஒரே வேளையில் குவித்துப் போடாமல் மூன்று நான்கு வேளையாகப் பிரித்துப் போட வேண்டும். தவிடு மலிவு என்று தவிட்டையே கொட்டினால் சுண்ணாம்புச் சத்துக் குறைந்து முகத்து எலும்பு வீங்கும். இளஞ்சோளப் பயிரை மேயவிடக் கூடாது; அதில் நஞ்சு உண்டு. கோழித் தீவனம் கொஞ்சமும் ஆகாது. கோழிக்காகச் சிலவற்றில் சேர்க்கும் மொனென்சின் என்னும் மருந்து, குதிரையின் இருதயத்தைக் கெடுத்து உயிரைப் பறிக்கும். ஒரே கொட்டடியில் கோழியும் குதிரையும் வளர்ப்பவர் மூட்டைகளைத் தனித்தனியே வைப்பது நல்லது.

குதிரை படுத்துப் புரள்கிறது, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறது, காலால் தரையைப் பறிக்கிறது, வேர்க்கிறது என்றால் வயிற்றுவலி வந்துவிட்டது. உடனே தீனியை எடுத்துவிட வேண்டும். மாட்டுக்குச் செய்வதுபோல மூங்கில் கொட்டத்தில் எண்ணெய் ஊற்றுவது பெரிய தவறு. புரை ஏறி எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். வயிற்றுக்குள் மருந்து போக டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விடுவார். வாந்தி வராத பிராணி என்பதால், வயிறு உப்பி வெடிக்கும் முன் காற்றையும் நீரையும் வெளியே எடுப்பதும் அதே குழாய்தான். இதற்குப் பழகிய கை வேண்டும். நடு இரவில் அந்தக் கையைத் தேடினால் கிடைக்காது.

ஆகவே குதிரை நன்றாக இருக்கும்போதே புதிய டாக்டரைப் போய்ப் பார்ப்பதுதான் புத்தி. "ஐயா, குதிரை பார்த்துப் பழக்கம் உண்டா? மூக்குக் குழாய் இருக்கிறதா? இல்லையென்றால் யாரிடம் போகச் சொல்வீர்கள்?" என்று நேராகவே கேட்கலாம். நல்ல டாக்டர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். தமக்குத் தெரிந்த இன்னொருவர் பெயரைச் சொல்லிவிடுவார். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் டாக்டர்தான் குதிரைக்காரருக்கு வேண்டியவர். 1962 என்ற இலவச எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டியைக் கேட்கலாம். வண்டியில் வருபவர் குதிரை பார்ப்பவரா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்வது நல்லது.

ஒரு நோட்டும் வேண்டும். குடற்புழு மருந்து கொடுத்த தேதி, லாடம் அடித்த தேதி, பெட்டைக் குதிரை இணை சேர்ந்த தேதி எல்லாம் அதில் இருக்கட்டும். சினைக் காலம் ஏறக்குறைய 11 மாதம். முக்கியமாக, ரணஜன்னி ஊசி போட்ட தேதியைக் குறிக்க வேண்டும். ஆணி குத்திய சிறு காயத்திலேயே ரணஜன்னி வந்து குதிரை விறைத்துச் சாகும். மற்றக் கால்நடைகளைவிடக் குதிரைக்கு இது சீக்கிரம் தாக்கும். நல்ல நிலையில் நாடி நிமிஷத்துக்கு 28 முதல் 44. உடல் சூடு சுமார் 99.5 முதல் 101.5 டிகிரி. தன் குதிரையின் கணக்கை அமைதியான நாளில் எடுத்து எழுதி வைத்திருந்தால், போனில் சொல்லும்போதே டாக்டருக்கு அவசரம் புரிந்துவிடும்.

மூக்கில் சீழ் ஒழுகி, தோலில் முடிச்சு முடிச்சாகப் புண் கிளம்பினால் மட்டும் கை வைக்காமல் குதிரையைத் தனியே கட்டிவிட்டு மருந்தகத்துக்குச் சொல்ல வேண்டும். கிளாண்டர்ஸ் நோயாக இருந்தால் அது மனிதருக்கும் தொற்றும். ஆடியில் அந்தியூர்ச் சந்தைக்குப் போய்க் குதிரை வாங்கி வருபவர், வந்த குதிரையைப் பழைய குதிரையோடு உடனே ஒரே தொட்டியில் தண்ணீர் காட்டாமல் சில வாரம் ஒதுக்கிக் கட்டி, புதிய டாக்டரை முதல் தடவை அதற்காகவே அழைத்து வரலாம்.